உடலின் வேலி

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவில் சுகாதாரம் பற்றிப் பேசவேண்டும் என்று மன்றச் செயலாளர் கேட்டபோது நான் உடனே இசைந்தேன். எந்த நோயைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் அவர் தயங்கினார். "ஐயா, முன்வரிசையிலே பெரியவர்கள் இருப்பார்கள்" என்றார். "பெரியவர்கள் இருப்பதனாலேதான் பேசவேண்டும், தம்பி" என்றேன். நம் பெரியவர்கள் கேட்டறியாத பொருள் அன்று இது. சித்த வைத்தியத்தில் மேக நோய்கள் என்று தனிப் பகுதியே உண்டு. வெள்ளை என்றும் வெட்டை என்றும் கிரந்தி என்றும் அவற்றுக்குப் பெயரிட்டு, குறி சொல்லி, மருந்தும் சொன்னார்கள். நோயைப் பெயர் சொல்லி அழைக்க அவர்கள் நாணவில்லை. நாம்தான் நாணுகிறோம். அந்த நாணத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை இவ்வுரையின் முடிவில் நீங்களே சொல்வீர்கள்.

கொண்டச்சிக் கரையை அண்டி வாழும் நமக்கு விளங்கும் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். இந்தக் குடாவின் பெயர் ஒரு காலத்தில் உலகெங்கும் தெரிந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையைப் பற்றி நூல் எழுதிய பிரித்தானியர்களான பெர்சிவல், கோர்டினர் ஆகிய இருவரும் கொண்டச்சியின் முத்துக்குளிப்புப் பாளையத்தை விரிவாக வருணித்திருக்கிறார்கள். ஆளில்லாத மணற்பரப்பு, முத்துக்குளிப்புக் காலம் வந்ததும் பெருநகர்போல ஆகிவிடும். இந்தியக் கரையிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் குளிகாரரும் வணிகரும் வந்து கூடுவார்கள். 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் மாத்திரம் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன.

அந்தச் சிப்பிக்குள் முத்து எவ்வாறு உண்டாகிறது? இதனை ஆராய்வதற்காக 1902இல் ஹெர்ட்மன் என்னும் பேராசிரியர் ஹோர்னல் என்பவரோடு இலங்கைக்கு வந்தார். மன்னார்க் கடலின் சிப்பிகளை அறுத்துப் பார்த்த அவர்கள், திருக்கை மீனின் குடலில் வாழும் நாடாப்புழுவின் குஞ்சு ஒன்று சிப்பிக்குள் புகுவதாகவும், சிப்பி அதனைச் சுற்றித் தன் ஒளிரும் பூச்சைப் பூசி அடைத்துவிடுவதே முத்து என்றும் கருதினார்கள். பின்வந்தவர்கள் இக்கருத்தை முழுவதும் ஏற்கவில்லை. சிப்பியின் மேல்மடலைச் சேர்ந்த கலங்கள் காயத்தினாலோ வேறு ஊறினாலோ இடம் பெயர்ந்து உள்ளே சென்று, அங்கே பை போலாகி முத்தைச் சுரக்கின்றன என்பதே இன்றைய விளக்கம். ஊறு செய்வது ஒட்டுண்ணியாகவும் இருக்கலாம். எப்படியாயினும் நாம் கொள்ளவேண்டிய பாடம் ஒன்று உண்டு. வாயில்லாச் சீவனாகிய சிப்பிக்கும் தன்னைக் காக்கும் ஆற்றலை இயற்கை கொடுத்திருக்கிறது. மனிதனுக்குக் கொடாமல் விட்டிருக்குமா?

மனித உடலுக்கும் இயற்கையான காவல் உண்டு. அதனை நான் வேலி என்று சொல்வேன். நம் வளவு வேலியை எண்ணிப் பாருங்கள். முதலில் கதியால் நடுகிறோம். அதில் வரிச்சுக் கட்டுகிறோம். பின்பு ஓலை வைத்து அடைக்கிறோம். உடலின் வேலியும் இப்படி மூன்று அடுக்காக அமைந்திருக்கிறது. தோலும், வாய் மூக்குப் போன்ற துவாரங்களின் உட்புறத்தை மூடியிருக்கும் மென்தோலும் கதியால்கள். நமக்குத் தீங்கு செய்யாமல் நம்மோடு வாழும் நல்ல நுண்ணுயிர்கள் வரிச்சு. இரத்தத்திலுள்ள வெண்குருதிக் கலங்களும், பகையை அடையாளங் கண்டு பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரிகள் என்னும் புரதங்களும் ஓலை அடைப்பு. மூன்றும் ஒழுங்காக இருக்கும்வரை உள்ளே பயிர் பிழைக்கும்.

பெண்ணின் பிறப்புவழியில் இந்த வேலி எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். பாலைத் தயிராக்கும் நுண்ணுயிரின் இனத்தைச் சேர்ந்த பற்றீரியாக்கள் அங்கே குடியிருக்கின்றன. அவை இலக்டிக் அமிலத்தைச் சுரந்து அவ்விடத்தைப் புளிப்பாக வைத்திருக்கின்றன. புளிப்பை அளக்கும் பி.எச். என்னும் அளவையில் 7 நடுநிலை; எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். பிள்ளை பெறும் வயதுடைய நலமான பெண்ணிடம் இந்த அளவு பெரும்பாலும் 4.5க்குக் கீழேயே நிற்கும். நோய் செய்யும் கிருமிகள் பல அந்தப் புளிப்பில் தழைக்க மாட்டா. ஊறுகாய் கெடாமலிருப்பது எதனாலோ, ஏறக்குறைய அதே நியாயம்தான்.

இந்த வேலியைத் துளைக்கும் ஒட்டுண்ணியின் பெயர் டிரைக்கோமோனாஸ் என்பது. 1836இல் பாரிஸ் நகரில் அல்பிரட் டொனே என்னும் வைத்தியர் நுணுக்குக்காட்டியின் மூலம் இதனை முதன்முதல் கண்டு எழுதினார். இது பற்றீரியாவும் அன்று, வைரசும் அன்று. ஒரே கலத்தாலான சிற்றுயிர். ஒரு மில்லிமீற்றரை நூறாக வகுத்தால் அதில் ஒரு பங்களவே இருக்கும். முன்புறத்தில் நான்கு சாட்டைகள், பக்கத்தே மெல்லிய சவ்வோடு ஒட்டிய இன்னொரு சாட்டை. இவற்றை வீசித் துடித்துத் துடித்து நீந்தும். ஆண் பெண் சேர்க்கையினாலேயே இது பெரும்பாலும் பரவுகிறது. 2020ஆம் ஆண்டில் 15 முதல் 49 வயது வரையுள்ளவர்களிடையே உலகெங்கும் 15 கோடியே 60 இலட்சம் புதிய தொற்றுக்கள் உண்டாயின என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. வைரசினால் வராத, மருந்தால் மாற்றக்கூடிய பாலியல் தொற்றுக்களில் தொகையால் முதலிடம் பெறுவது இதுவே. ஆயினும் இதன் பெயரைக் கேட்டவர்கள் இச்சபையில் எத்தனை பேர்?

இவ்வுயிரி நம் வேலியை என்ன செய்கிறது? மூன்று அடுக்கையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிக்கிறது.

முதலாவது, கதியாலை அசைக்கிறது. நீந்தி வந்த உயிரி மென்தோலைத் தொட்டதும் சப்பையாகப் பரந்து ஒட்டிக்கொள்கிறது. பின்பு புரதங்களைக் கரைக்கும் நொதியங்களைக் கக்கி, அக்கலங்களைச் சிதைத்து உணவாக்குகிறது. மென்தோலில் கண்ணுக்குத் தெரியாத புண்களும் நுண்ணிய இரத்தக் கசிவும் உண்டாகின்றன.

இரண்டாவது, வரிச்சை அறுக்கிறது. காவலிருக்கும் நல்ல பற்றீரியாக்களை இவ்வுயிரி விழுங்கிவிடுகிறது. அவை குறையக் குறையப் புளிப்பும் குறைகிறது. புளிப்புக் குறைந்த இடத்தில் முன்பு தலைகாட்ட அஞ்சிய வேறு கிருமிகள் பெருகுகின்றன. துர்நாற்றமும் நீர்க்கசிவும் உண்டாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, ஓலையைப் பிய்க்கிறது. தன்னைப் பற்ற வரும் பிறபொருளெதிரிகளைத் தன் நொதியங்களாலேயே துண்டு துண்டாக வெட்டுகிறது. இதனால் ஒருமுறை இந்நோய் வந்து மாறினாலும், அம்மை வந்தவனுக்குக் கிடைக்கும் நீடித்த பாதுகாப்பைப் போல ஒன்று இங்கே கிடைப்பதில்லை. எத்தனை முறையும் திரும்ப வரலாம். இன்னுமொரு விந்தை: இந்த உயிரிகள் சிலவற்றுக்குள்ளே வேறொரு நுண்ணிய பற்றீரியாவும், சிலவற்றுக்குள்ளே ஒரு வகை வைரசும் குடியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். கள்ளன் தன் மடிக்குள் வேறு கள்ளனையும் கொண்டுவருகிறான்!

வேலியில் பொட்டு விழுந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. முதல் நாள் கோழி வரும்; அடுத்த நாள் ஆடு வரும்; பொட்டுப் பெரிதானதும் மாடும் வரும். இங்கே வரக்கூடிய மாடு எது? எச்.ஐ.வி. என்னும் வைரசு. ஒட்டுண்ணியை எதிர்க்க உடல் தன் வெண்குருதிக் கலங்களை அவ்விடத்துக்குத் திரட்டி அனுப்புகிறது. ஆனால் எச்.ஐ.வி. தேடித் தாக்குவது அக்கலங்களில் ஒரு வகையைத்தான். காவலுக்கு அனுப்பிய படையே பகைவனுக்கு இரையாகக் கூடியிருக்கிறது. பக்கத்திலே புண்ணால் திறந்த வழியும் இருக்கிறது. இந்த ஒட்டுண்ணி உள்ள பெண்ணுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கணித்திருக்கிறார்கள். கர்ப்பிணிகளிடத்தில் குறைமாதப் பிரசவத்தோடும், எடை குறைந்த பிள்ளைப்பேற்றோடும் இந்நோய் தொடர்புபட்டிருப்பதும் தெரியவந்திருக்கிறது. ஆகவே "சிறு வருத்தம்தானே" என்று விட்டுவிடுவது பேதைமை.

இளைஞர்களே, இனி நான் சொல்லப்போவதை ஆண்கள் செவி கொடுத்துக் கேட்கவேண்டும். இந்நோய் உள்ள பெண்ணுக்கு அரிப்பு, எரிவு, மஞ்சள் அல்லது பச்சை கலந்த நீர்க்கசிவு, நாற்றம் முதலியவை தோன்றலாம். பலருக்கு ஒரு குறியும் இராது. ஆணுக்கோ, பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. சிலருக்குச் சிறுநீர் கழிக்கையில் சிறு எரிவு இருக்கும். அதனை வெயில் சூடு என்று எண்ணி இளநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒன்றும் தெரியாத அந்த ஆண் தன்னை அறியாமலே நோயைக் கொடுத்துக்கொண்டிருப்பான்.

நான் வைத்தியத் துறையில் பணியாற்றிய காலத்தில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஊரும் பேரும் சொல்லேன். மணமாகி இரண்டாண்டு நிறையாத ஒரு பெண் மாமியாரோடு வந்தாள். பரிசோதித்து மருந்து கொடுத்தோம். சுகமானாள். மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தாள். மறுபடி மருந்து, மறுபடி சுகம். மூன்றாம் முறை வந்தபோது மாமியார், "இவளுக்கு எந்த நாளும் வருத்தம்தான் ஐயா, எங்கள் வீட்டில் வேறு ஒருவருக்கும் இப்படி இல்லை" என்றார். கணவனை அழைத்துவரும்படி முன்னரே இருமுறை சொல்லியிருந்தோம். "எனக்கென்ன வருத்தம்? நான் கல்லுப்போல இருக்கிறேன்" என்பதே அவனுடைய மறுமொழி. அன்று மாமியார் வெளியே போன சமயம் பார்த்து அந்தப் பெண் என்னிடம் மெல்லக் கேட்டாள்: "ஐயா, இது நான் செய்த பிழையா?"

அவள் மருந்து கேட்கவில்லை, பாருங்கள். இந்தக் கேள்விக்கு விடை கேட்டாள். "இல்லை மகளே" என்றேன். அந்தச் சொல்லை அவளுக்கு முன்பு யாரும் சொல்லியிருக்கவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

பின்பு அவளுடைய தாய்மாமன், ஊரில் மதிப்புள்ளவர், கணவனைக் கூப்பிட்டு அமைதியாகப் பேசிக் கூட்டிவந்தார். இருவருக்கும் ஒரே காலத்தில் மருந்து கொடுத்தோம். அதன்பின் அந்த நோய் திரும்பவில்லை. மூன்று முறை தோற்ற மருந்து நான்காம் முறை எப்படி வென்றது? மருந்து மாறவில்லை; அதனை உண்டவர் தொகை மாறியது. ஒருவனுடைய பக்கத்துப் பொட்டை அடைத்து, மற்றப் பக்கத்தைத் திறந்துவிட்டால் வேலி அடைத்ததாகுமா?

இங்கே பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பம். இந்நோயைக் கண்டதும் "யார் கொண்டுவந்தது?" என்று வழக்கு விசாரிக்கத் தொடங்காதீர்கள். இவ்வுயிரி ஒருவர் உடலில் குறி எதுவும் காட்டாமல் மாதக் கணக்காக, சிலரிடம் ஆண்டுக் கணக்காகவும் தங்கக்கூடும். இன்று கண்டுபிடித்த தொற்று எப்பொழுது, யாரிடமிருந்து வந்தது என்பதை எந்தப் பரிசோதனையும் சொல்லாது. ஆகவே இதனை ஒழுக்கக் கேட்டுக்குச் சாட்சியாக நிறுத்துவது அறியாமை. அதிலும், குறி தோன்றிய பெண் குற்றவாளி, குறி தோன்றாத ஆண் நிரபராதி என்று தீர்ப்புக் கூறுவது பெரும் அநியாயம். எத்தனையோ குடும்பங்களில் நோய் செய்த கேட்டினும் இத்தீர்ப்புச் செய்த கேடு பெரிது.

மருந்தைப் பற்றிச் சொல்கிறேன். 1959ஆம் ஆண்டுவரை இந்நோய்க்கு வாயால் உண்டு குணமடையும் நம்பகமான மருந்து இருக்கவில்லை. அவ்வாண்டளவில் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்களின் முயற்சியால் மெட்ரோனிடசோல் என்னும் மருந்து வந்தது. பிளாஜில் என்ற பெயரில் நீங்கள் வயிற்றுக்கடுப்புக்கு எடுத்த குளிசைதான் அது. உடனே சிலர் "அப்படியானால் கடையில் வாங்கிப் போட்டுவிடலாமே" என்று எண்ணக்கூடும். அது தவறு. வெள்ளைபடுதல் எல்லாம் இந்நோய் அன்று. பூஞ்சணத்தாலும் வேறு கிருமிகளாலும் அது வரலாம். இயல்பான கசிவும் உண்டு. அது நோயே அன்று. நோயை அறியாமல் மருந்துண்பதும், பாதியில் நிறுத்துவதும் மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கும். இந்த ஒட்டுண்ணியிலும் மருந்துக்கு எளிதில் மசியாத வகைகள் ஆங்காங்கே காணப்பட்டிருக்கின்றன.

செய்யவேண்டியது இதுதான். முதலில் வைத்தியரிடம் சென்று பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எடுத்த கசிவை உடனே நுணுக்குக்காட்டியில் பார்த்தால் உயிரி துடிப்பது தெரியும். தாமதித்தால் அசைவு ஓய்ந்து தப்பிவிடும். அதனிலும் நுட்பமான பரிசோதனைகளும் இன்று உண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்து மருந்துண்ண வேண்டும். இருவரும் மருந்து முடித்துக் குறிகளும் நீங்கும்வரை சேர்க்கையை விலக்க வேண்டும். பெண் ஏறத்தாழ மூன்று மாதத்தில் மறுபடி பரிசோதித்துக்கொள்வது நன்று. கர்ப்பிணியாயின் கிளினிக்கில் மறைக்காமல் சொல்ல வேண்டும். சுத்தம் என்று எண்ணிப் பிறப்புவழியின் உட்புறத்தைச் சவர்க்காரத்தாலும் மருந்து நீராலும் கழுவுவோர் உண்டு; நல்ல பற்றீரியாக்களை அது கழுவிவிடும். தன் கையாலேயே வரிச்சை வெட்டுவதற்கு அது ஒப்பாகும்.

நம் நாட்டில் தேசிய பாலியல் நோய், எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கிளினிக்குகள் கொழும்பில் மாத்திரமன்றி மாவட்டங்களின் பெரிய அரசாங்க வைத்தியசாலைகளோடும் சேர்ந்து இயங்குகின்றன. அங்கே பணம் இல்லை. உங்கள் இரகசியம் காக்கப்படும். இலங்கையரிடையே எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1987இல். அதன்பின் வைத்தியர்களும் தாதியரும் மருத்துவிச்சிகளும் இடைவிடாது உழைத்ததன் பயனாக, தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் கிரந்தியும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. நம் பாட்டன்மாரை வாட்டிய மலேரியாவை ஒழித்ததற்கும் 2016இல் சான்று பெற்றோம். நுளம்போடு போராடி வென்ற நாம், நாணத்தோடு போராடி வெல்ல மாட்டோமா?

இன்னொரு செய்தியையும் சொல்லவேண்டும். சிரங்கும், மறைவிடத்துப் பேனும் கூட நெருங்கிய உடற்சேர்க்கையால் பரவக்கூடிய ஒட்டுண்ணிகளே. சிரங்குப் பூச்சி தோலைக் குடைந்து முட்டையிடுகிறது. சொறிந்த காயத்தின் வழியே பற்றீரியாக்கள் புகுந்து புண்ணாக்கும். சில வேளை சிறுநீரகத்தையும் பாதிக்கும். இங்கும் அதே கதை: சிறியது வேலியைத் துளைக்க, பெரியது உள்ளே வருகிறது. ஆனால் சிரங்கு ஒரே பாயில் படுத்தாலும் குழந்தைகளைத் தூக்கினாலும் வரும். ஆகவே அதனை வைத்து ஒருவரையும் ஐயுறாதீர்கள். வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசுங்கள்.

இளைஞர்களே! நீங்கள் தொழிலுக்காகக் கொழும்புக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகிறீர்கள். கடற்றொழிலுக்காகக் கரை மாறித் தங்குகிறீர்கள். குடும்பத்தைப் பிரிந்து ஆடவர் கூடும் இடங்களில் இந்நோய்கள் பரவுவது உலகெங்கும் கண்ட உண்மை. ஒருவனுக்கு ஒருத்தி என்ற நெறி உங்களுக்கும், உங்களை நம்பி வீட்டிலிருப்பவளுக்கும் வேலியாகும். அந்நெறி தவறியவன் ஆணுறையையாவது தவறவிடக் கூடாது. பரிசோதனை செய்யாமல் வீடு திரும்பவும் கூடாது. தவறு செய்தவனை வெறுத்து ஒதுக்குவது நம் வேலையன்று. ஒதுக்கினால் அவன் ஒளிப்பான். அவன் ஒளித்தால் அவன் மனைவி நோவாள்.

இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடந்த நாட்களில், வாந்திபேதி பரவியதால் பாளையமே கலைந்துபோன ஆண்டுகளும் உண்டு. அதனால் அரசாங்கம் பாளையத்தில் வைத்தியசாலை அமைத்து, நோயாளரைப் பிரித்து வைத்துக் காவல் செய்தது. வாந்திபேதி எல்லாருக்கும் தெரிய வந்த பகை. எல்லாரும் சேர்ந்து தடுத்தார்கள். நான் இன்று பேசிய பகை சத்தமில்லாமல் வருவது. அதனைத் தடுக்கப் பாளையக் காவல் உதவாது. ஒரு கணவன் தன் மனைவியோடு கிளினிக் வாசலில் போய் நிற்கும் துணிவும், ஒரு மாமியார் தன் மருமகளைக் குற்றஞ் சாட்டாத பெருந்தன்மையுமே உதவும்.

சிப்பி தன் நோவைத் தனக்குள்ளே மூடி முத்தாக்குகிறது. நாம் மூடி வைக்கும் நோய் முத்தாவதில்லை. அது நம் வீட்டுப் பெண்ணின் கண்ணீராகிறது. முடிவில் சொல்வீர்கள் என்றேனே, நாணத்தின் விலையைக் கொடுப்பது யார் என்று. இப்பொழுது உங்களுக்குத் தெரியும். இன்று வீடு திரும்பியதும் இம்மன்றத்தில் கேட்டதை வீட்டிலே பேசுங்கள். பொட்டு விழுந்த இடத்தைப் பேசினால்தான் வேலியை அடைக்க ஆள் வரும்.